பட்டர் அலமாரியிலா, குளிர்சாதனப் பெட்டியிலா?

 

சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் சகோதரி ஒருவரிடமிருந்து சென்ற மாதம் மடல் ஒன்று வந்தது. மார்க்க விளக்கம் கேட்டுத்தான் எழுதியிருப்பார் என்று பிரித்தேன். அவர் கேட்டிருந்ததோ வேறு. கடையில் வாங்கும் பட்டரை அவருடைய மாமி சமையலறை அலமாரியில் வைக்கிறாராம். இவர் அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறாராம். காலையில் ரொட்டியில் தடவும்போது பட்டர் கல்லாய் இருக்கிறதென்று மாமி மறுபடியும் வெளியே எடுத்து வைக்கிறாராம். “ஒரு நாளைக்கு மூன்று முறை அந்தப் பட்டர் வீடு மாறுகிறது, இதில் யார் சொல்வது சரி என்று உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், மாமி உங்கள் பக்கத்தைத் தவறாமல் படிப்பார்” என்று முடித்திருந்தார்.

நடுநிலையான ஒருவரிடம் இந்த வழக்கு சென்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இதே வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. அதில் நான் தவறான தீர்ப்பு வழங்கி, அதன் விளைவையும் கண்ணால் கண்டவன். ஆகவே தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், பட்டர் என்னும் அந்தப் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசிவிடுகிறேன்.

பட்டர் முழுவதும் கொழுப்பு என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நூறு கிராம் பட்டரில் கொழுப்பு எண்பது கிராமுக்குக் குறையக் கூடாது, நீர் பதினாறு கிராமுக்கு மிகக் கூடாது என்பதே நம் நாட்டுச் சட்டம் வகுத்துள்ள அளவு. எஞ்சியிருப்பது மோரின் மிச்சமும் உப்பும். நீர் இருக்கும் இடத்தில்தான் கிருமி வாழும். அப்படியானால் பதினாறு பங்கு நீர் உள்ள பட்டர் பாலைப் போல ஒரே நாளில் கெட வேண்டுமல்லவா? கெடுவதில்லை. ஏனெனில் அந்த நீர், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் கொழுப்புக்குள்ளே சிதறிக் கிடக்கிறது. ஒரு துளியில் சிக்கிய கிருமி அடுத்த துளிக்குப் போக வழியில்லை. போதாக்குறைக்கு, உப்பிட்ட பட்டரின் உப்பு முழுவதும் அந்த நீரில்தான் கரைந்திருக்கிறது. நூறு கிராமில் இரண்டு கிராம் உப்பு என்று கொண்டால், அந்த நுண்துளிகளின் கரிப்பு கடல்நீரின் கரிப்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கடற்கரையில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கருவாட்டைக் காப்பாற்றும் அதே உப்புத்தான் பட்டரையும் காப்பாற்றுகிறது.

எனவே மாமியின் பக்கம் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் மூடியிட்ட பீங்கான் பாத்திரத்தில் பட்டரை மேசைமேலேயே வைக்கும் வீடுகள் இன்றும் நிறைய உண்டு. பட்டரை அடைத்த கிண்ணத்தைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, காற்றுப் படாமல் காக்கும் மண்கலம் பிரெஞ்சுக்காரர்களுடையது. அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையும், பட்டரை வெளியே வைத்தால் ஆபத்தில்லை, ஆனால் நாள்பட்டால் சுவை கெடும், ஓரிரு நாளில் தீரும் அளவு மட்டும் வெளியே இருக்கட்டும் என்றே கூறுகிறது. அயர்லாந்து நாட்டவர் இன்னும் ஒருபடி மேலே சென்றவர்கள். பண்டைக் காலத்தில் பட்டரைச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்தார்கள். அப்படிப் புதைக்கப்பட்டு மறக்கப்பட்ட கட்டிகள் இன்றும் தோண்டக் கிடைக்கின்றன. அவற்றுள் சில மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. தின்று பார்க்கத்தான் துணிவு வேண்டும்!

ஆனால் மாமி அவர்களே, ஐரோப்பாவின் அலமாரி வேறு, நம்முடைய அலமாரி வேறு. பாலின் கொழுப்பு 32 டிகிரி முதல் 35 டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் சென்னையின் அடுக்குமாடிச் சமையலறையில், இரண்டு அடுப்பும் எரியும் வேளையில், வெப்பம் இதைத் தாண்டிவிடும். பட்டர் உருகியவுடன் என்ன நிகழ்கிறது? சிதறிக் கிடந்த நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் நீராகத் தேங்குகின்றன. இரவில் மறுபடி உறையும்போது அந்த நீர் பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை. கட்டி மணல்மணலாய் இருக்கும். அடியில் கலங்கல் நீர் நிற்கும். அதாவது, பட்டரைக் காத்து நின்ற கோட்டையே இடிந்துவிட்டது. அதன்பின் அதைப் பட்டர் என்று நம்பி அலமாரியில் வைப்பது தகாது. உடனே அடுப்பிலேற்றி நெய்யாக்கிவிடுவதே மேல்.

காறல் என்பது இன்னொன்று. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து கொழுப்பைச் சிதைப்பதால் வரும் குணம் அது. காறிய பட்டரைத் தெரியாமல் ஒருவேளை உண்டவர் மருத்துவமனைக்குப் போக வேண்டி வராது. முகம் சுளிப்பார், அவ்வளவே. கிருமியால் வரும் கேடு அப்படியன்று. அதற்கு மணமும் இராது, நிறமும் மாறாது. “மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது” என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது காறலைக் கண்டுபிடிக்க உதவும். மற்றதற்கு உதவாது. இந்த வேறுபாட்டை அறியாததால்தான் நான் தவறு செய்தேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரம் உள்ளது. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. உம்மா தயிரைக் கடைந்து திரட்டிய வெண்ணெயை, வாயகன்ற மண்சட்டியில் நீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டு, உறியில் ஏற்றிவிடுவார்கள். காலையும் மாலையும் நீரை மாற்றுவார்கள். மண்சட்டி கசிந்து கசிந்து நீரைக் குளிர வைக்கும். நீர் காற்றைத் தடுக்கும். உறி, பூனையையும் எறும்பையும் தடுக்கும். மூன்று நாளுக்கு மேல் அந்த வெண்ணெய் இருந்ததில்லை. நான்காம் நாள் முருங்கை இலையின் மணத்தோடு நெய்யாக இறங்கிவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் மிகுதி, உப்பும் இல்லை. கடைப் பட்டரைவிட அது விரைவில் புளிக்கும். உம்மா எந்தப் புத்தகத்தையும் படித்து இதைச் செய்யவில்லை.

நெய்க்கு இந்தத் தொல்லையே இல்லை. நீர் அரைப் பங்குக்கும் குறைவு. மோரின் கசடும் கருகி அடியில் நின்றுவிடுகிறது. மூடியிட்ட பாத்திரத்தில், ஈரக் கரண்டி படாமல் இருந்தால் அலமாரியில் மாதக் கணக்கில் இருக்கும். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது இடத்திற்குக் கேடு. நெய்யைப் பற்றிப் பேசும்போது எங்கள் மதரஸா மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆர்வத்தோடு கேட்கும் பாடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெய்யில் எலி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. எலியையும் அதைச் சுற்றியுள்ளதையும் எடுத்தெறிந்துவிட்டு எஞ்சியதை உண்ணுமாறு கூறினார்கள் என்பது அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. உறைந்த நெய்க்கு ஒரு முறை, உருகிய நெய்க்கு ஒரு முறை என்று பிரித்துக் கூறும் அறிவிப்பு ஒன்றும் உண்டு. அதன் தரத்தைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு இருந்தாலும், சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் அந்த வேறுபாட்டை ஏற்றுள்ளனர். உறைந்ததில் பட்டது பட்ட இடத்திலேயே நிற்கும்; உருகியதில் எங்கும் பரவும். மேலே நுண்துளிகளைப் பற்றி நான் எழுதியதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இனி என் வழக்கு. என் துணைவியார் நகரத்தில் வளர்ந்தவர்; எதுவாயினும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும் என்பவர். தேன்கூட உள்ளே இருந்து கட்டிதட்டும். உம்மா அதற்கு நேர்மாறு. “பொட்டியில வச்சா சாப்பாடு செத்துப் போயிடும்” என்பார்கள். நடுவில் நான், விரயம் கூடாது என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரையும் அடக்கி வந்தேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. எங்கள் பகுதியில் தென்னைகள் விழுந்து கிடந்த காட்சியை நான் எழுதத் தேவையில்லை. டெல்டா மாவட்டங்களில் உறவு உள்ள எவரும் அறிவர். மின்கம்பங்கள் சாய்ந்து, எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. முதல் நாள் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தோம். இரண்டாம் நாள் மாலை, அடுத்த வீட்டார் ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்து, எங்களுக்கும் ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். மாலையில் இரண்டு மணி நேரம் ஓடும். கைப்பேசிகளுக்கு மின்னேற்றுவோம், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவோம், குளிர்சாதனப் பெட்டியும் ஓடும். மீண்டும் உள்ளே குளிர் ஏறியதைத் தொட்டுப் பார்த்து நான் மகிழ்ந்தேன்.

பெட்டிக்குள், சபுரிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்த சீஸ் பாட்டில் ஒன்று, புயலுக்கு முன்பே திறந்து பாதி தீர்ந்த நிலையில் இருந்தது. மூன்றாம் நாள் அதை என் துணைவியார் குப்பையில் போட எடுத்தார். நான் தடுத்தேன். ஊரே ஒரு வேளைச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது உண்ணும் பொருளைக் கொட்டுகிறாயா என்று கேட்டேன். விரயம் செய்வோரைப் பற்றிய இறைவசனத்தையும் ஓதிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பாட்டிலை உள்ளே வைத்தார். அன்று மாலை என் மகன், அப்போது ஆறு வயது, நிவாரணமாக வந்த ரொட்டியில் அதைத் தடவித் தின்றான். நள்ளிரவுக்குமுன் வாந்தி தொடங்கியது. விடியும்போது அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. மரங்கள் விழுந்த சாலையில் மோட்டார் சைக்கிளை இறங்கித் தள்ளியும் ஏறி ஓட்டியும் பட்டுக்கோட்டைக்குக் கொண்டு சேர்க்க இரண்டரை மணி நேரமாயிற்று. மருத்துவர் கையில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றிவிட்டு, “கடைசியாக என்ன சாப்பிட்டான்?” என்று கேட்டார். என் துணைவியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அது சீஸினால்தான் என்று எந்தச் சோதனையும் செய்யப்படவில்லை. புயல் நாட்களின் தண்ணீராகவும் இருக்கலாம். மருத்துவரும் உறுதியாகக் கூறவில்லை. ஆனால் அவர் கூறிய வேறொன்று என் மனத்தில் தைத்தது. குளிர், கிருமியைக் கொல்வதில்லை, அதன் வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது. இடையில் வெப்பம் ஏறிய நேரத்தில் கிருமி பெருகி நஞ்சை உமிழ்ந்திருந்தால், பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சில வகை நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. மின்சாரம் நின்றால், திறக்காத குளிர்சாதனப் பெட்டி காக்கும் நேரம் நான்கு மணி. நிரம்பிய உறைபெட்டியானால் ஏறத்தாழ இரண்டு நாள். அதற்குமேல் அது வெறும் அலமாரி. அதுவும் காற்றுப் புகாத வெப்ப அலமாரி. நான் இரண்டாம் நாள் மாலையில் தொட்டுப் பார்த்து மகிழ்ந்த குளிருக்குப் பொருளே இல்லை.

மூன்றாம் நாள் மகனை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அந்தப் பதினைந்து நாளும் உம்மாவின் மண்சட்டியில் மிதந்த வெண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். உம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

மடல் எழுதிய சகோதரிக்காக மற்றப் பொருள்களையும் விரைந்து சொல்லி விடுகிறேன். தேன் அலமாரிக்கு உரியது. குளிரில் விரைவாகக் கட்டிதட்டும். (ஓராண்டு நிறையாத குழந்தைக்கு மட்டும் தேனை நாவில் தொட்டும் வைக்காதீர்கள். பெரியவர்களை ஒன்றும் செய்யாத கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும். பிறந்தவுடன் தேன் வைக்கும் வழக்கமுள்ள பாட்டிமார்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.) சர்க்கரை நிறைந்த ஜாம் உலர்ந்த கரண்டி மட்டும் படுமானால் வெளியே இருக்கலாம், நம் கடற்காற்றில் பூஞ்சை பூப்பதால் திறந்தபின் உள்ளே வைப்பதே நலம். சர்க்கரை குறைத்தது என்று அச்சிட்ட ஜாம் கண்டிப்பாக உள்ளேதான். சாக்லேட் தடவல் உள்ளே வைத்தால் கரண்டி வளையும், வெளியே இருக்கட்டும். வேர்க்கடலை வெண்ணெயும் அப்படியே. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும் வகையை மட்டும் நாள்பட வைப்பதானால் உள்ளே வையுங்கள். மார்ஜரின், 1869இல் பிரான்சில் மெஜ் மூரியே என்பவர் பட்டருக்கு மாற்றாகக் கண்டுபிடித்தது. இன்று டப்பாவில் வரும் கொழுப்புக் குறைந்த வகைகளில், குறைத்த கொழுப்பின் இடத்தை நிரப்புவது பெரும்பாலும் நீரே. பட்டர் வெளியே இருக்கிறதே என்று இவற்றையும் வெளியே வைத்துவிடாதீர்கள். சீஸைப் பற்றி இனி நான் சொல்ல ஒன்றுமில்லை.

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸைப் பொறுத்தவரை, எங்கே வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை, அதைச் செய்யாதீர்கள். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது சும்மா அன்று. வீட்டில் பூண்டை நறுக்கி எண்ணெயிலோ பட்டரிலோ ஊறவைத்து அலமாரியில் வைக்கும் புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், குளிரில் வைக்காத பூண்டெண்ணெயால் 36 பேர் நரம்பு செயலிழந்து நோயுற்றனர். பூண்டோடு மண்ணிலிருந்து வரும் வித்து, காற்றில்லாத எண்ணெய்க்குள் நிம்மதியாக முளைக்கிறது. நம் பூண்டு ஊறுகாய்க்கு உப்பும் புளிப்பும் காவல். இதற்கு அந்தக் காவல் இல்லை. செய்தால் குளிரில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

இன்னொரு செய்தி. அயல்நாட்டிலிருந்து வரும் பாட்டில்களில் “அறை வெப்பநிலையில் வைக்கவும்” என்று இருக்கும். எந்த அறை? துபாயிலும் லண்டனிலும் உள்ள அறை நம்முடையதைவிடக் குளிர்ந்திருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி நம் வீட்டு ஓட்டுக்கூரைச் சமையலறையில் வைப்பவர், வேறொருவரின் வீட்டு முகவரிக்கு மடல் அனுப்புகிறார்.

சகோதரி, பட்டருக்கு வருகிறேன். கட்டி முழுவதும் உள்ளே இருக்கட்டும். கதவின் மேல்தட்டில், மூடியிட்ட பெட்டியில். பெட்டிக்குள் அதிகம் குளிராத இடம் கதவுதான். மூடி இல்லாவிட்டால் கருவாட்டு மணம் முழுவதும் பட்டரில் ஏறிவிடும். இரவில் உறங்கப் போகும்போது மறுநாள் காலைக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, சிறு மூடிக் கிண்ணத்தில் அலமாரியில் வைத்துவிடுங்கள். அது மாமியின் பங்கு. எஞ்சியதை மறுபடி உள்ளே கொண்டுபோகாமல் அன்றே பருப்பிலோ கஞ்சியிலோ தீர்த்துவிடுங்கள். உப்பில்லாத பட்டரை வெளியே வைக்கவே வேண்டாம். கோடை மூன்று மாதமும் இரவில்கூட வெளியே வைக்க வேண்டாம். அவசரமானால் சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, கொட்டித் துடைத்துவிட்டு, பட்டர்த் துண்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடத்தில் தடவும் பதத்திற்கு வந்துவிடும். மாமியிடம் இதைச் செய்து காட்டுங்கள். என்னிடம் கற்றதாகச் சொல்ல வேண்டாம். எனக்கு இதைக் காட்டியவர் என் துணைவியார்.

உம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, உறியும் கழற்றியாயிற்று. சட்டிக்கு நீர் மாற்றும் வேலையை மகன் எடுத்துக்கொண்டிருக்கிறான். வெண்ணெயை விரும்பித் தின்பான். சீஸை மட்டும், கடையில் புதிதாய்த் திறந்து கொடுத்தாலும், இன்றுவரை தொடுவதில்லை.